பின்சக்கரத்தில் போன வேஷ்டி

தார்நாகா, ஹைதராபாத்
திங்கட்கிழமை காலை

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜெகநாதன் அவர்களுக்கு,

தார்நாகா வரதராஜன் வணக்கத்துடன் எழுதுவது. வேலூரில் தாங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் துணைவியார் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பேப்பர் படிக்கும் அளவுக்குத் தேறியிருப்பார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் மனைவி லலிதாம்பாளும் மகள் சாஹித்யாவும் சுகம். என் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மேலே 'சம்பந்தி' என்று எழுதியது கைப்பழக்கம். முழுவதும் படித்த பிறகு அந்தச் சொல்லைத் தாங்களே அடித்துவிடலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு செகந்திராபாத்தில் ஒரு மண்டபம் பார்த்துவர வேண்டும் என்று நாம் பேசிக்கொண்டது நினைவிருக்கும். அதற்காக நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை தங்கள் மகன் அனிருத் மாதாப்பூரிலிருந்து வந்து என்னை அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். நல்ல காரியத்துக்குப் போகிறோம், மாப்பிள்ளை காரில் வருவார் என்று நினைத்து நான் பட்டுக்கரை வேஷ்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். முதலில் சத்தம்தான் வந்தது. எங்கள் தெரு தங்களுக்குத் தெரியும். முக்கால்வாசிப் பேர் ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஆளாளுக்கு பால்கனிக்கு வந்துவிட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்றார் ஒருவர். வெடித்திருந்தால் ஒரு தடவைதானே சத்தம் வரும், இது தொடர்ச்சியாக வருகிறதே என்று எதிர்வீட்டுக்காரர் மறுத்தார். அந்த விவாதம் முடிவதற்குள் தங்கள் மகன் ஒரு கறுப்பு பைக்கில் வந்து இறங்கி, "வணக்கம் அங்கிள்" என்றார். ஹெல்மெட் அணிந்திருந்தார், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது, தாடைக்குக் கீழே பட்டையும் மாட்டியிருந்தார். அந்த ஒரு விஷயத்தில் குறை சொல்வதற்கில்லை. எனக்கும் ஒரு ஹெல்மெட் கொண்டுவந்திருந்தார்.

நான் வேலை பார்த்த காலத்தில் இயந்திரங்களின் அதிர்வை அளப்பதுதான் என் தொழில். ஆகவே ஒரு வண்டியைப் பார்த்தால் சுற்றிவந்து பார்க்காமல் என்னால் ஏற முடியாது. பார்த்தேன். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி இரண்டு பக்கமும் இல்லை.

"கண்ணாடி எங்கே தம்பி?"

"அது இருந்தா லுக் போயிரும் அங்கிள்."

"பின்னாடி வர்ற வண்டி எப்படித் தெரியும்?"

"அவங்களுக்கு நம்மள நல்லாத் தெரியுமே அங்கிள்."

இந்தப் பதிலில் உள்ள நியாயத்தை நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம்பர் பிளேட்டை வானத்தைப் பார்க்க மடக்கிவிட்டிருந்தது. பேகம்பேட்டில் இறங்கும் விமானத்தில் இருப்பவர்கள் வேண்டுமானால் படிக்கலாம். இண்டிகேட்டர்கள் இருந்த இடத்தில் மிளகு அளவில் ஏதோ மினுங்கியது. பின்சீட்டில் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டிய கைப்பிடியைக் கழற்றியிருந்தது. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் போடுகிற சாரி கார்டும் இல்லை. இவையெல்லாம் அலங்காரம் அல்ல, சட்டப்படி இருந்தே தீரவேண்டியவை என்று நான் சொல்ல ஆரம்பித்தபோது, உள்ளேயிருந்து லலிதாம்பாள் வந்துவிட்டாள்.

"என்னங்க, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உள்ள உட்கார வைக்காம பொண்ணு பார்க்கிற மாதிரி வண்டியைச் சுத்திச் சுத்தி வர்றீங்க? ஏறுங்க. எமகண்டத்துக்கு முன்னாடி போயிட்டு வாங்க."

ஏறினேன். பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாததால் தங்கள் மகனின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊர் சுற்றிய மாமனார் எங்கள் வம்சத்தில் நான்தான் முதல். தெருவே பார்த்தது. ஓட்டுவதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன், நிதானமாகத்தான் போனார். மெட்டுகூடா வரை நன்றாகவே போனோம். அங்கே மெட்ரோ தூண்களுக்குக் கீழே சிக்னலுக்காக வேகத்தைக் குறைத்தபோது, காற்றில் படபடத்துக்கொண்டிருந்த என் வேஷ்டியின் நுனியைப் பின்சக்கரம் பற்றிக்கொண்டது. யாரோ இடுப்பில் கை வைத்து இழுப்பதுபோல இருந்தது, அவ்வளவுதான். அடுத்த நிமிடம் வேஷ்டி முழுவதும் சக்கரத்தில் இருந்தது, நான் ரோட்டில் இருந்தேன். முழங்கால் விஷயம் இங்கே நடந்ததுதான். தலை போய் ரோட்டில் மோதியதையும் சொல்ல வேண்டும். ஹெல்மெட் கீறியது, தலைக்கு ஒன்றுமில்லை. நல்லவேளையாக நான் பழைய காலத்து மனிதன், முழங்கால் வரை வருகிற பட்டாபட்டி நிக்கர் போடுகிறவன். சட்டை, நிக்கர், ஹெல்மெட் ஆகியவற்றுடன் மெட்டுகூடா சந்திப்பின் நடுவில் எழுந்து நின்றேன். பஸ்ஸிலிருந்து சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். ஹெல்மெட் முகத்தை முழுவதுமாக மூடியிருந்ததால் அடையாளம் தெரியாது என்று நம்புகிறேன்.

தங்கள் மகன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "அங்கிள், அடி பட்டுச்சா? அங்கிள், பேசுங்க அங்கிள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. அதற்குள் போக்குவரத்து சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். விஸ்வநாத் என்று சட்டையில் பெயர் இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்து, "க்யா அங்கிள், லுங்கி கிதர்?" என்று லுங்கி எங்கே போயிற்று எனக் கேட்டார். அது லுங்கி அல்ல, வேஷ்டி என்று திருத்தினேன். அவர் நல்ல மனிதர். பெரியவர் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார், கண்ணாடி இல்லாததற்கு மட்டும் ஒரு அபராதச் சலான் போட்டுவிடுகிறேன், பெரியவரை வீட்டுக்குக் கூட்டிப் போ என்று தங்கள் மகனிடம் சொன்னார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஓர் அதிகாரி பாதி விஷயத்தோடு போவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? "மன்னிக்க வேண்டும், கண்ணாடி மட்டும் இல்லை" என்று தெலுங்கில் ஆரம்பித்து, நம்பர் பிளேட், இண்டிகேட்டர், கைப்பிடி, சாரி கார்டு என ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினேன். அவர் கவனிக்காத பிரேக் விளக்கையும் காட்டினேன். மிதித்தால் அது எரியவில்லை. சைலன்சருக்கு வந்தபோது, சத்தத்தை அவரே கேட்டுப் பார்க்கட்டும் என்று ஸ்டார்ட் செய்யவும் சொன்னேன்.

"அங்கிள், நீங்க யாரு பக்கம்?" என்றார் தங்கள் மகன்.

"நான் விதியின் பக்கம்" என்றேன். நான் சொன்னது மோட்டார் வாகன விதியை. அவர் வேறு விதியை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "தப்புதான் சார்" என்று மட்டும் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். வண்டியைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். என் வேஷ்டியும் சக்கரத்தோடு ஸ்டேஷனுக்குப் போயிற்று. பக்கத்து உதிரிபாகக் கடைக்காரர் இரக்கப்பட்டு பைக் மூடுகிற உறை ஒன்றைக் கொடுத்தார். அதைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன். பால்கனிகளில் மறுபடியும் ஆட்கள் இருந்தார்கள்.

இனிச் சொல்லப்போவதைத் தாங்கள் ஒரு தகப்பனாகப் படிக்க வேண்டும். மானம் போனதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஓய்வு பெற்றவனுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் சக்கரத்தில் சுருண்டு கிழிந்துகொண்டிருந்த அந்தத் துணியைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. சாஹித்யா வார நாட்களில் மாதாப்பூரில் விடுதியில் தங்கி, தங்கள் மகன் வேலை செய்யும் அதே ஆபீசுக்குப் போகிறாள். எத்தனை சாயங்காலம் இதே சீட்டில், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து போயிருப்பாள்? அவள் எப்போதும் நீளமான துப்பட்டா போடுகிறவள். வேஷ்டி இடுப்பில் கட்டுகிறது, அவிழ்ந்துகொண்டு போய்விட்டது. துப்பட்டா கழுத்தில் போடுகிறது. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

லலிதாம்பாளிடம் சொன்னேன். "ஒரு கண்ணாடிக்காக யாராவது கல்யாணத்தை நிறுத்துவாங்களா?" என்று கேட்டாள். கண்ணாடிக்காக இல்லை என்றேன். சாஹித்யாவிடம் சொல்ல வாயெடுத்தேன். "நக்கோ அப்பா, இப்ப பேச வேண்டாம், ப்ளீஸ்" என்று அறைக்குள் போய்விட்டாள். ஆகவே நானே முடிவு செய்திருக்கிறேன். அனிருத் பண்பானவர், படித்தவர், விழுந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டவர். இருந்தாலும் பின்னால் உட்காருகிறவரைப் பற்றி நினைக்காமல் வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் என் மகளை ஒப்படைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நிச்சயதார்த்தப் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று தாழ்மையுடன் தெரிவிக்கிறேன். தாங்கள் கோபித்தால் அது நியாயமே.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். அனிருத் எங்கிருந்தாலும், எதில் போனாலும், பத்திரமாக வீடு திரும்ப என் மனப்பூர்வமான ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வரதராஜன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் சாஹித்யா வாங்கிப் படித்துவிட்டாள். பிறகு, "கோபம் ஒத்து அப்பா. ஆ பைக் நாதி" என்றாள். கோபப்படாதீர்கள், அந்த பைக் என்னுடையது என்று அர்த்தம். நான் ஸ்கூட்டர்தான் வாங்கலாம் என்று சொல்லிவிட்டதால், சொல்லாமல் வாங்கி விடுதியில் வைத்திருக்கிறாளாம். கண்ணாடியைக் கழற்றியது, சைலன்சரை மாற்றியது, நம்பர் பிளேட்டை மடக்கியது எல்லாம் அவள்தான். தங்கள் மகனின் கார் சர்வீசுக்குப் போயிருந்ததால் நேற்று இரவல் வாங்கி வந்திருக்கிறார். பழையபடி மாட்டிவிடு என்று அவர் பல மாதமாக இவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாராம். நடு ரோட்டில் நான் ஒவ்வொன்றாகப் பழி சுமத்தியபோது, அப்பாவிடம் இவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். லலிதாம்பாளுக்கு வண்டி விஷயம் முன்பே தெரியும். பின்னால் உட்கார்ந்து கோயிலுக்கும் போய்வந்திருக்கிறாள்.

ஆகவே மேலே 'தங்கள் மகன் வைத்திருக்கும் வண்டி' என்ற பொருளில் வரும் இடங்களையெல்லாம் 'என் மகள் வைத்திருக்கும் வண்டி' என்று திருத்திப் படிக்கவும். அவள் இன்று ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறாள், வண்டியை மீட்க இப்போது நானும் அவளும் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறோம். கண்ணாடி, கைப்பிடி, சாரி கார்டு எல்லாம் இன்றே மாட்டச் சம்மதித்துவிட்டாள். சைலன்சர் குறித்துப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு பெண்ணைத் தங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ளுமா என்று நிதானமாக யோசித்து எழுதவும். லலிதாம்பாள் இன்று காலையிலேயே மண்டபத்துக்காரரிடம் பேசி முடித்துவிட்டாள் என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். தங்கள் முடிவு எதுவானாலும் நான் கட்டுப்படுகிறேன். என் முடிவை இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.