வாலு நடக்காத நான்கு நாட்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு நம்மவருடைய மகள் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

நம்மவர் செருப்புக் கடையில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவர். எதிரே வருகிற ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாதத்தைப் பார்த்துவிடுவார். 'ஏழு, கொஞ்சம் அகலம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்ட பிறகுதான் வணக்கமே சொல்வார். சொந்தக்காரர்களின் பெயர் அவருக்கு மறந்துபோகும். சைஸ் மறக்காது.

சர்க்கரை வந்த புதிதில் தினம் ஆறாயிரம் அடி நடக்கச் சொல்லி டாக்டர் மிரட்டினார். மகள்தான் வீட்டிலிருந்த மூன்று போன்களிலும் அடிகளை எண்ணுகிற ஆப் ஒன்றைப் போட்டுவிட்டாள். யார் எத்தனை அடி நடந்தார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். 'அம்மா', 'அப்பா', 'வாலு' என்று மூன்று வரி. வாலு என்பது அவளை வீட்டில் கூப்பிடும் பெயர். வயது இருபத்தாறு.

அதற்கப்புறம்தான் சண்டை வந்தது. ஆடிட்டர் ஆபீஸில் நல்ல நாற்காலி, குளிர்ந்த அறை, மேஜை மேல் பெயர்ப்பலகை. அத்தனையையும் விட்டுவிட்டு, வண்டி நுழையாத பழைய தெருக்களில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள்.

"உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு மூச்சு முட்டுதுப்பா."

"முப்பது வருஷம் ஊரார் காலைப் பிடிச்சு உன்னை நாற்காலியில உட்கார வெச்சேன். நீ எழுந்து தெருவுல நடக்கப் போறியா? போ. போனா திரும்பி இந்த வாசல்ல கால் வைக்காதே."

அவள் போய்விட்டாள். நம்மவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். கோபம் வந்தால் அவருக்குச் சட்டம் போடும் வியாதி உண்டு. மனைவியைப் பார்த்து, "இந்த வீட்ல அவகூட யாரும் பேசக் கூடாது!" என்றார். "சரிங்க," என்றாள் மனைவி. பல் டாக்டரின் கிளினிக்கில் வருகிறவர்களை உட்காரவைத்து, பெயர் எழுதி, உள்ளே அனுப்புகிற வேலை அவளுக்கு. வலியோடு வருகிறவர்களிடம் வாதம் பண்ணிப் பிரயோஜனமில்லை என்பது அவள் தொழிலில் படித்த பாடம்.

பதினொரு மாதம் ஆயிற்று. போன் எண் இருந்தது, பேச்சு இல்லை. ஆப்பை மட்டும் மூன்று பேரில் ஒருவரும் அழிக்கவில்லை.

தினமும் பத்தே காலுக்கு நம்மவர் கடையின் பின்கட்டுக்குப் போவார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு மூன்றாவது வரியைப் பார்ப்பார். சாயங்காலம் ஒரு தரம். மகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எண்தான். பதினேழாயிரம் என்றால் நல்ல நாள். பன்னிரண்டாயிரம் என்றால் மழை. நடுவில் ஒரு வாரம் ஒன்பதாயிரத்தைத் தாண்டவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று அவராகவே முடிவு செய்து, அந்த வாரம் முழுக்கத் தான் வெந்நீர் குடித்தார்.

அந்த வரியில்தான் இப்போது சைபர்.

சாயங்காலமும் சைபர். வீட்டுக்கு வந்து போனை அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். ஆப்பைப் புதுப்பித்தார். பேட்டரியை மிச்சம் பிடிக்கிற பொத்தானைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஜன்னலோரம் நின்று குலுக்க ஆரம்பித்தார்.

"என்னங்க, போனை மருந்து பாட்டில் மாதிரி குலுக்கறீங்க?"

"ஸ்டெப் ஏறல."

"நடந்தாத்தானே ஏறும்?"

"நடந்தேன்."

மனைவி எட்டிப் பார்த்தாள். "நாலாயிரத்துச் சொச்சம் காட்டுதே. அப்புறம் எது ஏறலேங்கறீங்க?"

"பொதுவா ஏறல."

"பொதுவான்னா?"

"ஆப்பே மொத்தமா ஒரு மந்தமா இருக்கு."

"மந்தம் ஆப்புக்கா, உங்களுக்கா?"

நம்மவரின் கட்டைவிரல் மூன்றாவது வரியை இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தது. மனைவி அந்த விரலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமையும் சைபர். கடைக்கு இரண்டு கடை தள்ளி போன் ரிப்பேர்க்காரர் ஒருவர் இருந்தார். தெருவில் அவருக்கு 'போன் டாக்டர்' என்று பெயர். அவர் போனை வாங்கித் திருப்பிப் பார்த்து, நம்மவரைக் கடை வாசல் வரை நடக்கவிட்டுத் திரும்ப வரச் சொன்னார்.

"நல்லா எண்ணுதே சார். போக வர முப்பத்தாறு."

"எனக்கு எண்ணுது. இந்தக் கீழ் வரிக்குத்தான் எண்ணல."

"அது யாரு?"

"தெரிஞ்சவர் ஒருத்தரோட பொண்ணு."

"அப்ப கோளாறு அந்தப் பொண்ணு போன்லதான். கூப்பிட்டுக் கேளுங்க."

"கேக்க முடியாது."

"நம்பர் இல்லையா?"

"இருக்கு."

"ரீசார்ஜ் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்னதான் சார் இல்ல?"

நம்மவர் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வந்த முப்பத்தாறில் பாதியை நடந்து வெளியே வந்தார்.

வியாழக்கிழமை விடிந்ததுமே அவர் மூளையில் ஒரு திட்டம் முளைத்தது. திட்டம் முளைக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். அவர் மனைவிக்கு அந்தப் பிரகாசம் முப்பது வருஷப் பழக்கம். போனுக்குள் நுழைந்து, உடல் அசைவை எண்ணுவதற்கான அனுமதியைத் தேடிப் பிடித்துத் தானே அணைத்தார். இப்போது அவர் வரியிலும் சைபர். இனி நடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"இந்தா, என் போன் எண்றதையே நிறுத்திடுச்சு."

"அடடா."

"டாக்டர் கேட்டா என்ன சொல்றது?"

"நடந்தேன்னு சொல்லுங்க. வாயிருக்கே."

"அவருக்கு நம்பர் வேணும். இதைப் போட்டது யாரு?"

"யாரு?"

"அதான்... அவங்க."

"எவங்க?"

"போட்டவங்க. அவங்களுக்குத்தான் இதோட நெளிவு சுளிவு தெரியும். நீ ஒரு தடவை கூப்பிட்டு, போனைப் பத்தி மட்டும் கேளு. வேற ஒரு வார்த்தை வேண்டாம். அப்படியே அவங்களோடது ஒழுங்கா எண்ணுதான்னும்..."

"ஐயையோ!" மனைவி கையிலிருந்த கத்தியையே கீழே வைத்துவிட்டாள். "இந்த வீட்ல அவகூட யாரும் பேசக் கூடாதுன்னு சொன்னது நீங்க. பதினொரு மாசம் காப்பாத்தியிருக்கேன். ஒரு போனுக்காக உங்க வார்த்தையை நான் மீறுவேனா?"

"நான்தானே இப்ப பேசச் சொல்றேன்?"

"இப்ப சொல்வீங்க. நாளைக்கே 'நான் சொன்னா நீ பேசிடுவியா'ன்னு கேப்பீங்க. எனக்கு எதுக்குங்க வம்பு? உங்க போன், உங்க பொண்ணு. நீங்களே பேசுங்க."

இப்படி ஒரு பதிவிரதையைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? நம்மவர் சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கடையில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். வலது காலில் கட்டு.

"இந்தக் கட்டோட நுழையற மாதிரி ஒரு செருப்பு வேணும்."

நம்மவர் முழந்தாளிட்டு அளவு எடுக்கக் குனிந்தார். "என்னாச்சும்மா காலுக்கு?"

"படியில வழுக்கிட்டேன். ஓரடி எடுத்து வைக்க முடியல. செவ்வாய்க்கிழமையிலேருந்து இப்படித்தான்."

"செவ்வாய்க்கிழமையா?"

"ஆமா. எழுந்து ஒரு வாய்த் தண்ணி எடுத்துக் குடிக்கணும்னாக்கூட ஆள் வேணும். தனியா இருந்தா செத்தேன்."

நம்மவர் எழுந்தார். அளவுக்கோல் அந்த அம்மாளின் காலடியிலேயே கிடந்தது. பின்கட்டுக்குப் போய், பெட்டிகளுக்கு நடுவில் நின்று, பதினொரு மாதமாக அழுத்தாத எண்ணை அழுத்தினார்.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை.

"அப்பா!"

முதலில் என்ன பேசுவது என்று அவர் பல மாதங்களாக வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தார். கம்பீரமானவை இருந்தன. பெருந்தன்மையானவை இருந்தன. அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"போன் எண்ண மாட்டேங்குது," என்றார்.

எதிர்முனையில் தெருச்சத்தம். அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நடந்துகொண்டிருக்கிறாள்! இரண்டு காலாலும் நடக்கிறாள்! நம்மவர் அலமாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கீங்களாப்பா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். போனுக்குத்தான்..."

"நேத்திலேருந்து சைபர் காட்டுது. நான் என்னன்னு நினைக்கறது? எங்கயாவது மயங்கி விழுந்துட்டீங்களோ, ஆஸ்பத்திரியோன்னு... அம்மாகிட்ட கேட்டா, 'உன் அப்பாதானே, நீயே கேளு'ன்னுட்டாங்க. கூப்பிடலாமா வேண்டாமான்னு போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு நடக்கறேன்."

"அம்மாகிட்ட எப்ப கேட்ட?"

"நேத்து. கிளினிக்ல."

"கிளினிக்லயா?"

"தினம் பதினொரு மணிக்கு அவங்க பார்சல் என் ரூட்லதானே வருது?"

இந்த வீட்டில் பேசக் கூடாது என்றுதான் நம்மவர் சட்டம் போட்டிருந்தார். கிளினிக்கை அதில் சேர்க்க அவருக்குத் தோன்றவில்லை.

"சரி, செட்டிங்ஸ் போங்க."

"எந்த செட்டிங்ஸ்?"

"பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும்."

"பூ மாதிரி ஒண்ணு இருக்கு."

"அதேதான். அதுக்குள்ள போங்க."

எங்கே போக வேண்டும் என்பது அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அணைத்ததே அவர்தானே? ஆனாலும் அவர் வழிதவறினார். வேண்டுமென்றே சத்தம் கூட்டுகிற இடத்துக்குப் போனார். எழுத்தைப் பெரிதாக்குகிற இடத்துக்குப் போனார். "இல்லப்பா, பின்னாடி வாங்க, பின்னாடி வாங்க," என்று அவள் பொறுமையாகக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். அந்தக் குரலை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்பதற்காக ஐம்பத்தெட்டு வயது மனிதர் இருபது நிமிஷம் முட்டாளாக இருந்தார்.

ஒருவழியாக அனுமதி கொடுத்தாயிற்று. பெட்டிகளுக்கு நடுவே நடந்து காட்டினார்.

"வருதுப்பா! இருபத்திரண்டு. எனக்கு இங்க காட்டுது."

"உன்னுது?"

"என்னுதுக்கு என்ன?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து சைபர்."



"என்னுதைப் பார்ப்பீங்களா நீங்க?"

"கண்ணுல பட்டுது."

"இருங்க... ஆமா, அணைஞ்சிருக்கு. நான் இதைத் தொடவே இல்லையே!"

"நாலு நாளா நீ பார்க்கலையா?"

"நான் எதுக்கு என்னுதைப் பார்க்கறேன்? உங்களதைத்தான் பார்ப்பேன்."

நம்மவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அது நசுங்கியது.

"அப்பா, பார்சல் வாங்கறவங்க என் போன்லதான் விரலால கையெழுத்துப் போடணும். திங்கட்கிழமை அம்மா ரொம்ப நேரம் போட்டாங்க. கண்ணாடி எங்கேன்னாங்க, விரல் வழுக்குதுன்னாங்க."

"உங்க அம்மாவுக்கா விரல் வழுக்கும்?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பாதியில் அவருடைய சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட, இருமல் என்று காட்டிக்கொண்டார்.

"ஷூ எப்படி இருக்கு?" என்றார். "நீ சின்னதுலேருந்தே இடது குதிகாலை வெளிப்பக்கமா தேய்ப்ப. தினம் பதினேழாயிரம், பதினொரு மாசம். அடி போயிருக்குமே?"

"போயிடுச்சு. மழை பெஞ்சா உள்ள தண்ணி வருது. அட்டை வெட்டி வெச்சுப்பேன்."

அவரைச் சுற்றி தரையிலிருந்து கூரை வரை நானூறு ஜோடி இருந்தது. எல்லா சைஸிலும்.

"ஏன்டா சொல்லல?"

"யார்கிட்ட?"

கடைக்குள் கட்டுப்போட்ட அம்மாள், "சார், இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார். நம்மவர் காதில் அது விழவில்லை. அவர் ஒரு வார்த்தையை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். வயிற்றிலிருந்து அதைக் கிளப்பித் தொண்டை வரை கொண்டுவருவதற்குள் வேர்த்துவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை... வீட்டுக்கு வா."



"அம்மா சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"'ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிடுவார், வேற வேலை எதுவும் வெச்சுக்காதே'ன்னு."

"எப்ப சொன்னா? நேத்தா?"

"வாரா வாரம் சொல்வாங்கப்பா. பதினொரு மாசமா. நானும் வாரா வாரம் எதுவும் வெச்சுக்காமதான் இருந்தேன்."

நம்மவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அவள் வைத்த பிறகும் வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் கடைக் குழாயில் இரண்டு தரம் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி மேஜை மேல் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியது அவருக்கு ஏராளம் இருந்தது. கிளினிக்கைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி, நாற்பத்தேழு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி. எதையும் கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்பதும் தெரிந்திருந்தது. இருந்தாலும் குடும்பத் தலைவர் என்று ஒரு பதவி இருக்கிறதே? நெஞ்சை நிமிர்த்தி, குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை அவளை வரச் சொல்லியிருக்கேன்."

மனைவி நிமிரவில்லை. கத்தி மட்டும் ஒரு கணம் நின்றது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"இதையெல்லாம் என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணக் கூடாதா?" என்றாள்.