மூன்று மணிக்கு ஒரு முறை

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு, உங்கள் மகளின் மாமியார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

எல்லாரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவது மரியாதை. ஆகையால் இங்கே எல்லாரும் நலம். நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கக் கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முத்து முத்தாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் வரிகள் மேடு பள்ளம் ஏறி இறங்குகின்றன. கண்ணாடியை மாற்றுங்கள். பால்காரரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் கண்ணாடிதான் காரணமா தெரியவில்லை. நிற்க. எனக்கு உடம்பு சரியில்லையாம், இனிமேல் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக நீங்களே வந்து தங்கிவிடுகிறீர்களாம். உங்கள் பெரிய மனசுக்கு நன்றி. வர வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள், அதனால்தான் கடிதம். உங்கள் மகள் உங்களுக்குச் சொன்னது பாதிதான். அன்றைக்கு நான் வழக்கம்போல் ஒரு டம்ளர் காபியை மட்டும் குடித்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, அப்புறம் பன்னிரண்டு மணிக்குத்தான் நான் உட்காருவேன். அது என் நாற்பத்தாறு வருஷப் பெருமை. பள்ளிக்கூட வாசலுக்குப் போனதும் கை வெடவெடவென்று நடுங்கி, முதுகெல்லாம் வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்ததா, பிள்ளையின் பையைக் கழற்றி வாட்ச்மேன் தோளில் மாட்டி, "சமத்தா படிக்கணும் கண்ணு"ன்னு அவர் கன்னத்தைத் தட்டிட்டு அங்கேயே உட்கார்ந்துட்டேன். அவர் நல்ல மனுஷர். "சரிங்கம்மா"ன்னு சொல்லி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நம் குட்டி தன் டப்பாவிலிருந்த வாழைப்பழத்தை உரித்து ஊட்டினாள். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டேன். அன்று சாயங்காலமே உங்கள் மாப்பிள்ளை, அதாவது நான் பெற்ற பிள்ளை, "இனிமே நீ குட்டியைக் கூட்டிட்டுப் போக வேண்டாம்மா. டாக்டர் சரின்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்"னு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். மூன்று வருஷமாக அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். எனக்கு எப்படி இருக்கும்?

டாக்டர் பார்த்தார், ரத்தம் எடுத்தார், சீட்டில் "லோ சுகர் - சந்தேகம்" என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷத்துல எங்க வீட்டுக்காரரே என்னைச் சந்தேகப்பட்டதில்லை டாக்டர்"னேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அதுக்கெல்லாம் எனக்குத் தைரியம் ஏது?"ங்கிறார். ஆனாலும் சம்பந்தியம்மா, தெருவில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சுகர் ஏறியிருக்கும்போது எனக்கு மட்டும் இறங்கியிருக்கிறது என்பதில் ஒரு கௌரவம் இருக்கத்தானே செய்கிறது? "எனக்கு சுகர் கம்மி"ன்னு மாடிப்படியில் வைத்து நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும் "கொடுத்து வச்சவங்க"ன்னு சொன்னாங்க.

சாப்பாட்டு முறை சொல்லும் அம்மா ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவள் ஒரு தாளை அச்சடித்துக் கையில் கொடுத்து, "படிச்சுப் பாத்துக்குங்க பாட்டி, புரியலேன்னா கேளுங்க"ன்னாள். என்னையா! ஐந்தாம் வகுப்பில் வாசிப்புக்குப் பென்சில் டப்பா பரிசு வாங்கியவள் நான். கேட்பேனா? முதல் வரி இதுதான்: "மூன்று மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவும்." இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? மத்தியானம் மூன்று மணி, ஒரே ஒரு முறை, வேக வேகமாக அள்ளிப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக. பிள்ளையின் கையை மறுபடி பிடிக்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். காலையில் தண்ணீர், ராத்திரி "எனக்குத் தனிப் பத்தியம்" என்று அடுப்படியிலேயே நின்றுகொண்டேன். மூன்று அடித்ததும் ஒரு பெரிய தட்டில் எல்லாவற்றையும் குவித்துவைத்து, ஒன்றே கால் மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன்.

இரண்டாவது வரி, "இனிப்பைத் தனியாகச் சாப்பிடக் கூடாது." அதுவும் சரிதானே, தனியாகச் சாப்பிடுவது நல்ல பழக்கமா? வீட்டுக்காரர் அந்த நேரத்தில் குறட்டை. அதனால் எதிர்வீட்டு ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டரைத் துணைக்குக் கூப்பிட்டேன். பாவம், மனுஷர் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொல்லவில்லை. மூன்று நாள், மூன்று மணிக்கு, ஆளுக்கு இரண்டு துண்டு கேக். இதற்கு நடுவில் என் உடம்பு தேறுகிற வழியாகத் தெரியவில்லை. சர்க்கரை டப்பாவைத் துணி அலமாரியில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினேன். இஸ்திரிப் பெட்டியைத் திட்டினேன்.

நாலாம் நாள் மூன்றரை மணிக்குப் போஸ்ட்மாஸ்டரின் மனைவி வந்து வாசலில் நின்றாள். கையில் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த கேக் தூள். "ஏன்க்கா, உங்களுக்கு சுகர் கம்மின்னா, அதுக்காக எங்க வீட்டுக்காரருக்கு ஏத்தி விடுவீங்களா? அவரு பத்து வருஷமா மாத்திரை போடுறாருன்னு தெரியாதா?"

"தனியா சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருக்கும்மா, நான் என்ன பண்ண?"ன்னு தாளை நீட்டினேன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த நம் குட்டி அதை வாங்கி வாசித்தாள். மூன்றாம் வகுப்புதான், ஆனால் வாத்தியார் மாதிரி ஒரு பார்வை.

"பாட்டி, மூணு மணிக்கு இல்ல. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இனிப்பை மட்டும் வெறுமனே சாப்பிடக் கூடாது, கூட முட்டையோ கடலையோ சேத்துக்கணும்னு அடுத்த வரியிலேயே இருக்கு. நீ என்ன இப்படிப் படிச்சிருக்கே?"

போஸ்ட்மாஸ்டரின் மனைவி சிரித்த சிரிப்பில் கோபம் போய்விட்டது. எனக்குத்தான் போகவில்லை. மூன்று மணிக்கொரு முறை என்று சேர்த்து எழுதியிருந்தால் நான் ஏன் தப்பாகப் படிக்கப்போகிறேன்? நடுவில் இடம் விட்டது அவர்கள் குற்றம். இதை நான் ஆஸ்பத்திரியிலும் சொன்னேன். அடுத்த தடவை சேர்த்து அச்சடிக்கிறார்களாம்.

இப்போது காலை ஏழரைக்கு எல்லாரோடும் மேஜையில் உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும். நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக வீட்டுக்காரர் எனக்குத் தட்டு எடுத்து வைக்கிறார், தலைகீழாக வைக்கிறார், இருந்தாலும் வைக்கிறார். சாப்பிட்ட பிறகுதான் காபி. பத்தரைக்கு ஒரு பிடி கடலை, அப்புறம் மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் ஒரு பழம், இருட்டுவதற்குள் ஒரு நடை. முந்தானையில் கடலை முடிச்சு எப்போதும் உண்டு. பதினான்கு நாளாக நடுக்கம் இல்லை, இஸ்திரிப் பெட்டியோடு சண்டை இல்லை. டாக்டர் "இப்படியே இருங்க, அடுத்த மாசம் மறுபடி ஒரு டெஸ்ட் பாத்துடலாம்"னார். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளையை நானே கூட்டிப்போகலாம் என்று மகனும் இறங்கி வந்துவிட்டான். ஆகையால் நீங்கள் சிரமப்பட்டுப் புறப்பட வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டில் நிம்மதியாக இருங்கள். நீங்களும் உங்கள் தோட்டமும் நீடூழி செழிக்க வேண்டும் என்று மனசார வாழ்த்தும்,

உங்கள் சம்பந்தி,
வீட்டுப் பாட்டி.

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லிக் குட்டியிடம் இதைக் கொடுத்தேன். அவள் உங்கள் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "கண்ணாடிப் பாட்டியும் காலையில காபி மட்டும்தான் குடிப்பாங்க, லீவுல பாத்தேனே. ரெண்டாம் பக்கம் எழுதறப்ப அவங்க கையும் நடுங்கியிருக்கு பாரு"ன்னாள். மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது கண்ணாடி இல்லை, சம்பந்தியம்மா. அதை எழுதும்போது மணி பதினொன்று இருக்குமா? பால்காரரைத் திட்டியதும் அந்த நேரம்தானா? கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு உங்கள் மேல் சந்தேகம். தனியாக இருக்கிற வீட்டில் யாரைப் பார்த்து மூன்று மணிக்கொரு முறை சாப்பிடுவீர்கள்? மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். நம் டாக்டரிடம் காட்டிவிடலாம். பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேருமாகப் போகலாம், பிள்ளைக்கு இரண்டு கை இருக்கிறது.

வலது கை என்னுடையது.