முன்பக்கக் கேமராவில் படித்த எலும்புகள்

படிக்காமலே பாஸாக நினைப்பவன், படிப்பவனைவிட அதிகம் உழைப்பான். நான் அப்படி உழைத்தவன்.

தூத்துக்குடியில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு. உடற்கூறியல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஓர் எலும்பைக் கையில் கொடுத்து, "இடதா, வலதா?" என்று கேட்பார்கள். அதைக் கண்டுபிடிக்கும் வழி புத்தகத்தில் இரண்டே பக்கம்தான். நான் திறக்கவில்லை. என்னிடம்தான் ஏ.ஐ. இருந்ததே! விடுதி மேசையில் போனைச் சாய்த்து வைத்து, சீனியர்களிடம் இரவல் வாங்கிய எலும்புகளை ஒவ்வொன்றாக முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் படமெடுத்து அனுப்பினேன். (பின்பக்கக் கேமரா கடற்கரைப் பாறையில் விழுந்து உடைந்திருந்தது.) "இது இடது தொடை எலும்பு. தலைப்பகுதி திரும்பியிருக்கும் பக்கத்தைக் கவனியுங்கள்" என்று அது பொறுமையாக விளக்கியது. அவ்வளவு மரியாதையாக எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை.

ஒரே வாரத்தில் நானே வாத்தியாராகிவிட்டேன். நான்கு பேர் என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். திரேஸ்புரத்து சேவியருக்கு மட்டும் சந்தேகம்.

"ஏலே, புஸ்தகத்துல வேற மாதிரில்லா போட்டிருக்கு?"

"அது பழைய பதிப்புல. இது புதுசு."

(மனிதனின் தொடை எலும்பு பதிப்புக்குப் பதிப்பு மாறாது என்பது எனக்குத் தோன்றவில்லை.)

வைவாவில் துறைத் தலைவர் மேடம் ஆறு எலும்புகளை நீட்டினார். ஆறுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னேன். எலும்புக்கு எலும்பு என் குரல் உயர்ந்தது. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, கண்ண மூடிட்டுச் சொன்னாலும் மூணு சரியா வந்திரும். ஆறும் தப்பா வரணும்னா ஒழுங்காப் படிச்சிருக்கணும். யார்ட்ட படிச்ச?"

உண்மையைச் சொன்னேன். போனை வாங்கி, முன்பக்கக் கேமராவில் தன்னையே ஒரு படம் எடுத்துக் காட்டினார். அவர் இடது கையில் கட்டியிருந்த வாட்ச், கண்ணாடியில் பார்ப்பதுபோல, படத்தில் வலது கையில் இருந்தது.

"ஏ.ஐ. சரியாத்தான் சொல்லியிருக்கு. நீதான் இடவலம் மாத்தி அனுப்பியிருக்க."

என் மாணவர்கள் மூன்று பேர் வரிசையாக உள்ளே போய், வரிசையாகத் தோற்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று புத்தகத்தையும் புரட்டியிருந்த சேவியர் பாஸ். மறு வைவாவுக்கு அந்த இரண்டு பக்கத்தைப் படித்தேன். இருபது நிமிடம் ஆனது.

வீட்டில் இதைச் சொன்னது அடுத்த தவறு. போன வருடம் அண்ணன் கல்யாணம் முடிந்து, மதினி முதன்முதலாக எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் உதவும் எண்ணத்தில், "வலது கால எடுத்து வச்சு வாங்க, மதினி" என்றேன்.

உள்ளிருந்து சித்தி ஓடி வந்தாள். "ஏளா, நில்லு! அவன் எந்தக் கால வலதுன்னு சொல்லுதான்னு கேட்டுட்டு வையி!"

கல்யாண வீடியோவில் மதினி இன்னும் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கிறார்.