நீல நோட்டில் பத்துக்கு நாலு

செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட் மெக்கானிக் டீ குடிக்க உட்கார்ந்தபோது, சாப்பாட்டு மேசையில் மனைவியின் நீல நோட்டு திறந்து கிடந்தது. 'இன்றைய மனநிலை: பத்துக்கு நாலு. காரணம்: கணவர் டீ உறிஞ்சும் சத்தம்.'

வாய்க்குள் போன டீ அங்கேயே நின்றது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டு அது. மாதவிலக்கு நிற்கும் வயதில் ஹார்மோன் ஏறி இறங்குவது பெண்களின் மனதை என்ன பாடுபடுத்துகிறது என்று அங்கே ஓர் ஆராய்ச்சி. போன வருடம் மனைவி ஒரு காரணமும் இல்லாமல் பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதாள். அச்சகத்தில் பிழை திருத்துபவள், "எழுத்தே கண்ணுல நிக்க மாட்டேங்குது" என்றாள். "எல்லாம் மனப்பிரமை" என்று சொன்னவர்களில் மெக்கானிக்கும் ஒருவர். ஆராய்ச்சி நடத்திய டாக்டரம்மாதான் முதன்முதலாக, "பிரமை இல்லம்மா, ரத்தத்துலயே தெரியுது" என்று சொல்லி மருந்தும் கொடுத்தார். அந்த வெட்கம் மெக்கானிக்கை விட்டு இன்னும் போகவில்லை.

"இதையெல்லாமா எழுதுவாங்க?" என்றார்.

"உண்மையை எழுதணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க."

"என் பேரு வருதா?"

"பேரெல்லாம் இல்ல. கணவர்னு மட்டும்தான்."

"எனக்குத் தெரிஞ்சு உனக்கு ஒரு கணவர்தானே!"

புதன்கிழமை சத்தமே வராமல் குடித்துக் காட்டுவது என்று மூச்சைப் பிடித்தார். புரையேறியது. 'பத்துக்கு மூன்று. காரணம்: நான் திருத்திக்கொண்டிருந்த தாள் முழுக்க டீ.'

லிஃப்ட் ஏறவில்லை என்றால் முதலில் பாரத்தைக் குறைக்க வேண்டும். அது அவர் தொழிலின் பால பாடம். மனைவியின் பாரத்தைக் குறைக்க வியாழக்கிழமை விடுப்பு எடுத்து, பாத்திரம் துலக்க இறங்கினார். புதிதாக வாங்கிய ஒட்டாத வாணலியை இரும்பு நாரால் தேய்த்தார். அதிலிருந்த கறுப்பு முழுசாகப் போகும்வரை விடவில்லை.

"பாரு, வெள்ளி மாதிரி ஆயிருச்சு!"

மனைவி பார்த்தாள். நோட்டை எடுத்தாள். இரண்டு.

வேறு வழி தெரியாமல் அக்காவுக்குப் போன் போட்டார். "அவளுக்கு மனசு சரியில்லக்கா, என்ன பண்றது?" என்றுதான் கேட்டார். சாயங்காலமே அக்கா இரண்டு பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

"ஹார்மோனாவது மண்ணாவது! எங்களுக்கெல்லாம் வராததா? நான் பத்து நாள் கூட இருந்தா எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டே மனைவியின் கட்டிலில் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை: ஒன்று. காரணம் எழுதும் கட்டத்தில் இடம் போதாமல் ஓர் அம்புக்குறி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்து நான்கு பக்கங்கள்.

மெக்கானிக் விரல் விட்டு எண்ணினார். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. நாளைக்குச் சைபர். டாக்டரம்மா பார்த்தால் மருந்தைக் கூட்டுவார். ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தாலும் வைப்பார். எல்லாம் ஒரு வாய் டீயால்! மனைவி வேலைக்குக் கிளம்பியதும், பேனாவை எடுத்து ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு சைபரைப் போட்டார். பத்து. மனசு லேசாயிற்று.

அச்சுப்பிழையோடு இருபத்திரண்டு வருடம் மல்லுக்கட்டியவள் அவள் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. சனிக்கிழமை அந்தச் சைபர் சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, ஓரத்தில் 'இது என் கையெழுத்தல்ல' என்று இருந்தது.

ஆராய்ச்சியையே கெடுத்தாயிற்று. தான் போட்ட ஒரு சைபரால் ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் தப்பான மருந்து போகப்போகிறது. மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல், வாழ்க்கையில் முதன்முறையாக மூன்று மாடி படியேறினார்.

ஆராய்ச்சி அறை வாசலில் ஒரு பெஞ்சு. அதில் மூன்று ஆண்கள். மூன்று மடியிலும் நீல நோட்டு. ஒருவர் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தார். "காய் நறுக்குறப்ப" என்று கேட்காமலேயே சொன்னார். அடுத்தவர் மேல் தரை துடைக்கும் மருந்து வாடை. மூன்றாமவர் பேசும் நிலையிலேயே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்ததுதான் தாமதம், மெக்கானிக் முந்திக்கொண்டார்.

"சிஸ்டர், சைபர் போட்டது நான்தான்! அவ மேல ஒரு தப்பும் இல்ல. மருந்தைக் கூட்டிராதீங்க. இப்பத்தான் சிரிக்கவே ஆரம்பிச்சிருக்கா. என்னை என்ன வேணா பண்ணுங்க!"

நர்ஸ் நோட்டைப் புரட்டினாள். நான்கு பேரையும் வரிசையாக ஒருமுறை பார்த்தாள்.

"ஆராய்ச்சி போன மாசமே முடிஞ்சிருச்சு சார், மிச்சமிருந்த வெறும் நோட்டைத்தான் உங்க வீட்டம்மாங்க ஆளுக்கொண்ணு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க!"