விவரம் தெரியாதவன் மூடிய வால்வு

அன்புமிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் மகன், என் மகள், பேரக்குழந்தை எல்லோரும் சௌக்கியம். என் மானம் ஒன்றுதான் மூன்று நாளாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

போன கடிதத்தில் எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். வெளிநாடு என்றுதான் பேர், இங்கேயும் கரண்டு நினைத்தால் வரும் நினைத்தால் போகும், குழாய் காலை எட்டு மணிக்கே காற்று விடுகிறது, குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வால்வு திறந்து மூடிய என் அனுபவம் இல்லாவிட்டால் இந்த நாற்பது வீடும் பல் தேய்க்காமல் ஆபீஸ் போயிருக்கும் என்று அளந்திருந்தேன் அல்லவா? அதில் கரண்டு விஷயம் மட்டும் நிஜம்.

அடுத்த மாதம் உங்கள் முறை. நான் கிளம்ப, நீங்கள் வந்து ஆறு மாதம் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். யாரோ சொல்லி உங்கள் காதுக்கு வருவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். நான் வந்த புதிதில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் தகராறு செய்யும். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு வால்வு எந்நேரமும் திறந்தே கிடந்தது. தோட்டத்துக்கும் கார் கழுவுவதற்கும் போகிற குழாய், ராத்திரியெல்லாம் தண்ணீர் வீணாகிறது என்று நானே முடிவு கட்டி, சாயங்கால நடைக்கு இறங்கும்போது மூடுவேன், காலை நடைக்கு இறங்கும்போது திறப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்கிறவன் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று ஒரு பெருந்தன்மை. அந்த வாரத்திலிருந்து தண்ணீர் தினமுமே நின்றது, எனக்கோ ராஜயோகம் பிறந்தது. எந்த வீட்டில் எத்தனை வாளி நிரப்புவது, யார் எத்தனை மணிக்குக் குளிப்பது என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். இரண்டாம் மாடி டீச்சர் என்னை "இன்ஜினீயர் சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் திருத்தவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் மாப்பிள்ளை தண்ணீர் இலாகாவுக்கு ஒரு மனு எழுதினார், அதில் முதல் கையெழுத்தும் அடியேனுடையதுதான்.

மூன்று நாளுக்கு முன் பிளம்பர் வந்தார். நான்தான் அவருக்கு டார்ச் பிடித்தேன். இந்த ஊரில் தெருக்குழாயில் ராத்திரியில் தொடங்கி விடிந்து கொஞ்ச நேரம் வரைக்கும்தான் தண்ணீர் விடுவார்களாம், அது தொட்டிக்கு ஏறும் வழியே அந்த வால்வுதானாம். குழாயிலேயே அம்புக்குறி போட்டிருக்கிறது, என் கண்ணில்தான் படவில்லை. பிளம்பர் என்னவோ சொல்ல, மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார்: "யாரோ விவரம் தெரியாதவன் தெனமும் இதை மூடுறானாம் மாமா." டார்ச்சை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். யானை சறுக்கினால் தான் மட்டும் விழும், நான் சறுக்கி நாற்பது குடும்பத்தைக் குளிக்க விடாமல் அடித்திருக்கிறேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. வால்வுக்கு ஐந்தடி தள்ளித்தான் காவலாளியின் நாற்காலி. நம் மொழி பேசுகிறவர், நாற்பது வயதிருக்கும், பகல் முழுக்க என்னோடு வாய் திறந்து பேசுகிற ஒரே மனுஷர். அவரைக் கூப்பிட்டு நீயா மூடினாய் என்று கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நின்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அவரை வேலையை விட்டு அனுப்புவதாக முடிவு. நான் பக்கத்தில்தான் நின்றேன் சம்பந்தி. வாய் வரவில்லை. பெண் கொடுத்த வீட்டில் விவரம் தெரியாதவன் என்று பேர் வாங்கவா என்று டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இதைவிடக் கேவலமான காரியம் என் ஆயுசில் செய்ததில்லை. மகள் போட்ட சோறு மூன்று நாளாக இறங்கவில்லை.

ஆகவே ஓர் உதவி. பெற்றவர் சொன்னால் பிள்ளை கோபிக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் போட்டு, "மாமா வயசானவரு, தெரியாம மூடிட்டாரு, விட்டுடு" என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் நான் குளியலறையில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லவும். நானே உங்களுக்குப் போன் போட்டால் இந்த வீடு முழுக்கக் கேட்கும், அதனால்தான் கடிதம். இதைக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் எதிர்வீட்டுக்காரர் நாளை விடிந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறார்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். வீட்டில் உள்ள சிறியவர்களுக்கு ஆசீர்வாதம், அதற்கு இப்போது என்ன மதிப்பு இருக்கிறதோ அந்த அளவுக்கு.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத தங்கள் சம்பந்தி

பி.கு.: போன் போட வேண்டாம். கடிதத்தை எதிர்வீட்டில் கொடுப்பதற்கு முன் காவலாளியிடமாவது உண்மையைச் சொல்வோம் என்று கீழே இறங்கினேன். நான்தானப்பா மூடினேன் என்றேன். "தெரியும் ஐயா" என்றார். பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "செயலாளரோட மாமனாரு, இன்ஜினீயரு, ஏதோ உத்தரவுன்னு நெனச்சேன். நீங்க காய்ச்சல்ல படுத்திருந்த நாலு நாளு நான்தான் மூடினேன். அப்புறம் எப்படி ஐயா நான் மூடலைன்னு சொல்றது?"

அந்த நாலு நாளைக்காக அந்த மனுஷர் பொய் சொல்லவில்லை. மூன்று மாதம் மூடிய நான் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன். இதோ, இரண்டு பேருமாக மாப்பிள்ளையிடம் கிளம்பிவிட்டோம், முன்னால் நான், பின்னால் அவர். ஐந்து மாடியும் படியேறித்தான் போக வேண்டும், லிஃப்ட் நின்றுவிட்டது. அதை நான் தொடவே இல்லை, குழந்தை மேல் சத்தியம்.