லாரிக் அமிலமும் என் தலையும்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் உடன்பிறந்தவன் வணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். நானும் இன்று காலை பதினொரு மணி வரை சௌக்கியமாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் நீ காய்ச்சி அனுப்பும் தலை எண்ணெய்தான் காரணம். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு.

நான் குப்பி கழுவும் ஆய்வகத்தில் ஒரு பொண்ணு நாலு வருடமாக ஒரு காட்டுக்கொடியின் விதையோடு மல்லுக்கட்டுகிறாள். அந்த விதை எண்ணெயில் என்னென்ன கொழுப்பு அமிலம் இருக்கிறது, எது எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒரு கைப்பிடி விதையை அரைத்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, கடைசியில் மிஞ்சியது சில சொட்டு எண்ணெய். இன்று அதை, அமிலங்களைப் பிரித்துக் காட்டும் மெஷினில் ஏற்றினோம். ஒவ்வொரு அமிலத்துக்கும் தாளில் ஒரு கூம்பு விழும். முதலிலேயே விழுந்தது பார் ஒரு கூம்பு, லாரிக் அமிலமாம், பதினொரு சதவீதமாம், இந்தக் கொடியின் இனத்திலேயே யாரும் பார்க்காததாம்! பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நாளைக்கு மத்தியானம் ஆய்வேட்டைக் குடுத்துடும்மா, இது ஒண்ணு போதும்!" அவள் அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். லாரிக் அமிலம் கொட்டிக் கிடப்பது தேங்காய் எண்ணெயில். நீ காய்ச்சி அனுப்புவதும் அதுதானே! நானோ, கண்ணாடிக் குப்பியின் மூடி இறுகிக்கொள்ளக் கூடாதென்று அதைத் தலையில் ஒரு தேய் தேய்த்துத்தான் போடுவேன். இருபது வருடப் பழக்கம், கை தானாகப் போகும். மூடிக்குப் பூசும் கிரீஸ் டப்பா பக்கத்திலேயே இருக்கிறது, அதை யார் திறந்து மூடுவது! அவளுடைய விதை எண்ணெய்க் குப்பி மூடியையும் தேய்த்தேனா? தேய்க்காமல் விட்டிருப்பேனா?

சொல்லாவிட்டால், என்றைக்காவது வேறொருவர் சோதித்துப் பார்ப்பார், இவள் பொய்க்காரி என்று பேர் வாங்குவாள். சொன்னால் அவள் நாலு வருடமும் போச்சு, என் வேலையும் போச்சு. ஒரு மணி நேரம் கழுவிய குப்பிகளையே கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று அவளே வந்து கேட்டாள்.

"அம்மா, அந்தக் கூம்பு உன் விதையோடது இல்லம்மா. என் தலையோடது."

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. என் தலையைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள்.

"எத்தனை குப்பிண்ணா இப்படி?"

"எல்லாம்."

பொத்தென்று உட்கார்ந்தாள். "மீதி ஒம்பது விதை இருக்கு. புதுக் குப்பியில திரும்பப் பண்றேன். நீங்க எதையும் தொட்றாதீங்க. உங்க தலை எண்ணெயை மட்டும் குடுங்க, அதையும் ஓட்டிப் பாத்துடலாம்" என்றாள். பையில் இருந்த சின்ன பாட்டிலைக் கொடுத்தேன்.

இப்போது மாலை நாலு மணி. மெஷின் ஓடுகிறது. விஷயம் தெரிந்த பேராசிரியர் இங்குமங்கும் நடக்கிறார். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்க்கிறாள். அத்தான் கடையில் எனக்கு ஓர் இடம் பார்த்து வை. வேலை போனால் போகட்டும் அக்கா, அந்தப் பொண்ணு முகத்தைத்தான் பார்க்க முடியல.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். இனிமேல் எண்ணெய் அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் பாவப்பட்ட தம்பி

பி.கு.: இரண்டு தாளும் வந்துவிட்டன. புதுக் குப்பியிலும் அதே இடத்தில் அதே கூம்பு! விதையுடையதேதான். நாளை அவள் ஆய்வேட்டைக் கொடுக்கிறாள். உன் எண்ணெய்த் தாளில் லாரிக் அமிலம் இல்லை. வேறெந்தக் கொழுப்பு அமிலமும் இல்லை. பேராசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வண்டிக்கு ஊத்துற ரகமால்ல இருக்கு" என்கிறார். அக்கா, சத்தியமாகச் சொல்லு, இருபது வருஷமா என் தலையில நான் என்னத்தைத் தேய்க்கிறேன்?