பன்னிரண்டாவது மரம்

நான் கொலைகாரன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஸ்ரீரங்கம் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் மூன்று வருஷத்தில் பதினொரு மரங்கள் செத்தன. பதினொன்றும் என் கையால்தான் செத்தன. ஆனால் நோக்கம் நல்ல நோக்கம். முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து முடித்து ரிட்டயர் ஆன மறுநாள், முருகானந்தமாகிய நான் ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். திருச்சியிலேயே பெரிய போன்சாய்க் கலைஞன் ஆவது. மரத்தைச் சின்னதாக்கி நாம் பெரிய ஆளாவது என்று அர்த்தம்.

அப்படியொன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. ஐம்பதடி வளர்கிற மரத்தைத் தட்டு மாதிரி ஒரு தொட்டியில் ஒன்றரை அடியில் நிறுத்த வேண்டும். அதற்குக் கிளையை வெட்ட வேண்டும், வேரை வெட்ட வேண்டும், கம்பி சுற்றி வளைக்க வேண்டும். நான் வெட்டினேன். காலையில் வெட்டினேன். காலையில் வெட்டியது சரியா என்று சாயங்காலம் போய்ப் பார்த்து இன்னும் கொஞ்சம் வெட்டினேன். இடது பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் அதைக் குறைத்தேன். உடனே வலது பக்கம் கூடுதலாகத் தெரியும். கடைசியில் தொட்டியில் ஒரு குச்சி நிற்கும். அந்தக் குச்சிக்கும் கம்பி சுற்றி வைத்திருப்பேன்.

தில்லை நகரில் பல் டாக்டர் மன்சூர் இருக்கிறார். வருஷா வருஷம் மாசியில் நடக்கிற போன்சாய்க் கண்காட்சியில் தொடர்ந்து முதல் பரிசு வாங்குகிற ஆசாமி. நான் பெருமையாக மாடிக்கு அழைத்துப்போய் என் வரிசையைக் காட்டினேன். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே சார்?"

"சொல்லுங்க டாக்டர்."

"நான் பல்லைக்கூட இவ்வளவு பிடுங்க மாட்டேன்."

டீ குடிக்காமல் போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு மாசி மாசத்தில், பன்னிரண்டாவது மரம் கிடைத்தது. காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு பழைய குடோனை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் விரிசலில் ஓர் அரசங்கன்று. எத்தனை வருஷமாய் அங்கே இருந்ததோ, அடிமரம் முறுக்கிக்கொண்டு கிழட்டு மரம் மாதிரியே நின்றது. அதன் வேர் ஒற்றைச் செங்கல்லை ஐந்து விரலால் பிடிப்பது போலப் பிடித்திருந்தது. இடிக்கிறவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, செங்கல்லோடு பெயர்த்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதற்கும் சேர்த்து டிக்கெட் கொடுத்தார். இது மட்டும் செத்தால் நான் தாங்க மாட்டேன் என்று காவிரிப் பாலத்தில் வரும்போதே தெரிந்துவிட்டது.

வீட்டில் வேணி இருந்தாள். என் மனைவி. ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். ஸ்கூலுக்கு ஒரு குரல், வீட்டுக்கு ஒரு குரல் என்று பிரித்து வைத்துக்கொள்ளாதவள்.

"என்னங்க இது?"

"அரசு."

"எத்தனாவது?"

"பன்னிரண்டாவது."

"மிச்சம் எத்தனை இருக்கு?"

"இது ஒண்ணு."

"அப்ப இதுக்கும் நாள் குறிச்சாச்சு." மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். "பாவங்க இது. ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் திருவெள்ளறையிலேர்ந்து லோடு ஆட்டோவோட வராரு. ஏத்தி அனுப்பிடுறேன். வயக்காட்டு ஓரமா நட்டு வெச்சா உசுரோடவாவது இருக்கும்."

"வேணி, தரையில வெச்சா அது ஐம்பதடி வளந்துடும்."

"மரம்னா வளரத்தாங்க செய்யும்."

"நான் கலைஞன். எனக்கு அது வேணும்."

"கலைஞர் கையில கத்திரி இருக்கிற வரைக்கும் அது இங்க இருக்காது."

தீர்ப்பு சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றே நாள் இருந்தது. அப்போதுதான் என் சர்வேயர் மூளை வேலை செய்தது. நிலத்தகராறில் முப்பத்திரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன். புறம்போக்கில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் தடவிவிட்டால் போதும், கலெக்டரே வந்தாலும் அதை அசைக்க முடியாது. கல்லுக்கே அப்படி என்றால் அரச மரத்துக்குச் சொல்லவா வேண்டும்?

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக மாடிக்குப் போனேன். தொட்டியில் வைத்திருந்த அரசின் அடிமரத்தில் மஞ்சள் பூசினேன். குங்குமம் வைத்தேன். ஒரு மஞ்சள் கயிறைக் கட்டினேன். முன்னால் ஓர் அகல் விளக்கு ஏற்றினேன். கீழே வந்து ஒன்றும் தெரியாதவன் போலப் பேப்பர் படித்தேன். பிறகு மறுபடி மாடி ஏறி, அப்போதுதான் பார்த்தவன் மாதிரி ஓடி வந்தேன்.

"வேணி, மேல வந்து பாரேன். யாரோ நம்ம மரத்துக்குப் பூஜை பண்ணியிருக்காங்க."

வந்தாள். பார்த்தாள். குனிந்து கயிறைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சட்டென்று இரண்டு கையையும் கூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"யாரு வெச்சா என்னங்க, சாமி சாமிதான். இனிமே இதை எங்கயும் அனுப்பக் கூடாது. அண்ணனை வர வேண்டாம்னு சொல்லிடுறேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே ஆட்டம். கணக்கு டீச்சரைக் கணக்குப் பண்ணி ஜெயித்தவன் இந்தத் திருச்சியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தச் சந்தோஷத்தில் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்க் கத்திரியை எடுத்தது.

"என்ன பண்றீங்க?"

"அந்த இடது கிளை கொஞ்சம் துருத்திக்கிட்டு..."

"சாமி மரத்துல கத்திரியா? ஆயுதம் படலாமாங்க?"

கத்திரி அந்தரத்தில் நின்றது. நான் என்ன சொல்ல முடியும்? 'அது சாமி இல்லை, நான் பூசிய மஞ்சள்' என்று சொன்னால் மரம் திருவெள்ளறைக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் வெட்ட முடியாது. நானே வெட்டிய குழியில் நானே இறங்கி, மண்ணையும் நானே தள்ளிக்கொண்ட மாதிரி ஆயிற்று.

சரி, அவள் ஸ்கூலுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுத்தேன். ஒன்பது மணிக்குப் போனாள். ஒன்பது ஐந்துக்கு நான் மாடியில் இருந்தேன். அங்கே தரைத்தளத்துச் சந்திரம்மாள் முழங்கால் வலியோடு மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அசோசியேஷன் செயலாளராக நான் இருந்தும் லிஃப்ட் இல்லாத கட்டடம். நாலு மாடி ஏறி வந்திருக்கிறாள்.

"ஒன்பது சுத்து வேண்டிக்கிட்டேன் தம்பி. மெதுவாத்தான் சுத்துவேன். நீங்க போய் வேலையைப் பாருங்க."

அந்த ஒன்பது சுற்று மதியம் வரைக்கும் போயிற்று. மதியம் இரண்டாவது மாடி ஜோதி வந்தாள். ஜோதி போனால் மூன்றாவது மாடி பெலிண்டா. நர்ஸம்மா.

"நீங்களுமா சிஸ்டர்?"

"நான் சுத்தலை சார். வாக்கிங். சுகர் இருக்கு."

"மாடி இவ்வளவு பெரிசா இருக்கே, அந்தப் பக்கம் நடக்கலாமே?"

"இந்தப் பக்கம்தான் காத்து வருது."

ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை. எப்போது போனாலும் யாராவது ஒருத்தி மரத்தடியில் இருந்தாள். மரத்தடி என்று சொல்வதற்கு அது ஒன்றரை அடிதான். ஒருதரம் கும்பிடுகிற சாக்கில் உள்ளங்கையில் நகவெட்டியை ஒளித்துக்கொண்டு போனேன். ஒரே ஒரு துளிரைத் தொட்டிருப்பேன். பின்னால் பெலிண்டா குரல் வந்தது. "நகம் வெட்டுறதுன்னா வீட்டுல போய் வெட்டுங்க சார்."

கை அரித்தது. சோறு இறங்கவில்லை. வெட்ட முடியாதவன் என்ன செய்வான்? பார்த்தேன். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து மரத்தையே பார்த்தேன். முதல் மாசம் எரிச்சலாகப் பார்த்தேன். இரண்டாவது மாசம் பழைய சர்வே நோட்டு ஒன்றை எடுத்து அதைப் படமாகப் போட ஆரம்பித்தேன். நாலு பக்கத்திலிருந்தும், அளவோடு. தினம் ஒரு பக்கம்.

அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. நான் முதல்நாளே வெட்டிப் போட நினைத்த அந்த இடது கிளை இருக்கிறதே, அதுதான் மரத்தின் சாய்வையே தாங்கிப் பிடிக்கிறது. அதை எடுத்தால் மரம் விழுந்துகொண்டே இருக்கிற மாதிரி தெரியும். இஷ்டத்துக்கு ஓடவிட்ட கிளைகள்தான் அடிமரத்துக்குச் சதை கொடுக்கின்றன. ஆடியில் இரண்டு விரல் பருமனாக இருந்த அடி, கார்த்திகையில் நாலு விரலாகிவிட்டது. வேர் செங்கல்லைச் சுற்றி இன்னொரு பிடி பிடித்திருந்தது. ஒரு மரத்தைச் சின்னதாக வைத்திருப்பது வேறு, சின்ன மரத்துக்குள் பெரிய மரத்தைக் காட்டுவது வேறு. பதினொரு மரங்களையும் நான் ஒருநாள்கூடப் பார்த்ததே இல்லை, வெட்டத்தான் செய்திருக்கிறேன். இது புரிந்த அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்திரம்மாள் அது பக்தி என்று நினைத்துத் திருநீறு கொடுத்தாள்.

தை பிறந்தது. கண்காட்சிக்கு ஒரு மாசம். நோட்டோடு வேணி முன்னால் போய் நின்றேன்.

"வேணி, மூணு வெட்டு. மூணே மூணு."

"சாமி மரங்க."

"சாமிக்கே அலங்காரம்னு நினைச்சுக்கோ."

நோட்டை வாங்கினாள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் புரட்டினாள். முந்நூறு படம் இருக்கும்.

"எந்த மூணு? ஏன்னு சொல்லுங்க."

சொன்னேன். உச்சிக்கிளை ஒன்று, பின்னால் குறுக்கே ஓடுகிற ஒன்று, வலப்பக்கம் வெளிச்சத்தை மறைக்கிற ஒன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னேன். இடது கிளையை ஏன் தொடக் கூடாது என்பதற்குத்தான் அதிக நேரம் பேசினேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கல்யாணம் ஆன புதிதில் ஒருதரம் அப்படிப் பார்த்ததாக ஞாபகம்.

"சரி. மூணு. நாலாவது விழுந்தா மரம் திருவெள்ளறைக்குப் போயிடும்."

மூன்றுதான் வெட்டினேன். வெட்டி முடித்ததும் கத்திரியைத் துடைத்து நானே உள்ளே வைத்தேன். மாசியில் இலையெல்லாம் உதிர்ந்து, செம்பு நிறத்தில் புதுத் துளிர் விட்டது.

கண்காட்சி தில்லை நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாற்பத்தெட்டு மரங்கள். ஜட்ஜுகள் எல்லாவற்றையும் தாண்டிப் போனார்கள், என் மரத்தின் முன்னால் வந்து நின்றார்கள், போகவே இல்லை. ஒருவர் மண்டிபோட்டு வேரைப் பார்த்தார். முதல் பரிசு அரச மரம், ஸ்ரீரங்கம் முருகானந்தம் என்று மைக்கில் சொன்னபோது காது அடைத்துக்கொண்டது. இரண்டாம் பரிசு வாங்கிய டாக்டர் மன்சூர் நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வருஷம் கை வைக்காம விட்டீங்க பாருங்க, அதுதான் சார் கலை. எனக்கு அந்தப் பொறுமை வராது. எப்படி வந்துச்சு உங்களுக்கு?"

"பிறவியிலேயே நான் கொஞ்சம் நிதானம் டாக்டர்," என்றேன்.

மேடையிலும் அதையே இருபது நிமிஷம் பேசினேன். மூன்றாவது வரிசையில் வேணி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் சந்திரம்மாள், ஜோதி, பெலிண்டா மூன்று பேரும் வந்திருந்தார்கள். நாலு பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் மரம் என் மடியில், கோப்பை அவள் மடியில். வெற்றி தலைக்கேறியிருந்தது. இனி யாருக்கு என்ன பயம்? உண்மையைச் சொல்லி அவளை ஒரு வழி பண்ணிவிடலாம் என்று தோன்றியது.

"வேணி, உன்னை ஒரு வருஷமா ஏமாத்திட்டேன். அந்த மஞ்சளைப் பூசினது நான்தான்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. மஞ்சக் கயிறையும் கம்பி மாதிரி குறடு வெச்சு முறுக்கிக் கட்டுற ஆளு ஸ்ரீரங்கத்துல வேற யாருங்க?"

அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"நான் சொன்னா உங்க கை நிக்காது. நீங்களே வெச்ச சாமின்னா வெட்டவும் முடியாது, வெளிய சொல்லவும் முடியாது. எனக்கு வேலை மிச்சம். ஆனா நான் ஸ்கூல் போயிட்டா உங்களை யார் பார்க்கிறது? அதான் அன்னிக்கு ஸ்கூலுக்குப் போற வழியிலேயே அவங்க மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டு, அப்புறம் டைம்டேபிள் போட்டேன்."

"சுத்தினது எல்லாம்?"

"காவல்."

ஆட்டோ பாலத்தில் ஏறியது. எனக்குக் கோபம் வந்தது. மரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்டேன்.

"இதெல்லாம் எங்க உக்காந்து பேசினீங்க?"

"அந்த வாரமே நடந்த அசோசியேஷன் கூட்டத்துலதான். முறைப்படி தீர்மானமே போட்டோம்."

"நான் செயலாளர். எனக்குத் தெரியாம எப்படித் தீர்மானம் போடுவீங்க?"

"கீழ கையெழுத்துப் போட்டதே நீங்கதாங்க, எப்பவும்போல படிக்காம."